விலகுவதற்குக் கடைசி நாள்

கார் வாங்கி மூன்று நான்கு வருடம் ஆன பிறகு தபாலில் ஓர் அட்டை வரும். மேலே ஒரு நீதிமன்றத்தின் பெயர், கீழே பொடி எழுத்தில் நாலைந்து பத்தி, நடுவில் மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் 'உங்களுக்குப் பணம் கிடைக்கலாம்' என்று ஒரு வரி. கலிபோர்னியாவில் பலர் இதை விளம்பரம் என்று எண்ணிக் குப்பையில் போடுகிறார்கள். சிலர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மிகச் சிலர்தான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து, "இதை வாங்கிக்கொள்ளலாமா, தனியாக வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். சான் ஹோசேயில் நுகர்வோர் பக்கம் நின்று கார் வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். இத்தனை வருடத்தில் என் மேஜைக்கு வந்த கேள்விகளில் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று, அநேகமாக, திரும்பி வராது.

தனி வழக்குக்கு அடிப்படையாக, குறையுள்ள கார்களுக்கான லெமன் சட்டம் என்று எல்லோரும் சொல்வது, கலிபோர்னியாவைப் பொறுத்தவரை, 1970இல் வந்த சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டம். 1982இல் சட்டமன்ற உறுப்பினர் சாலி டானர் கொண்டுவந்த திருத்தம் அதைக் கார்களுக்குக் கூர்மையாக்கியது. அதன் சாரம் எளிது. வாரண்டிக் காலத்தில் காரில் குறை வருகிறது. அந்தக் குறை காரின் பயன்பாட்டையோ மதிப்பையோ பாதுகாப்பையோ கணிசமாகக் கெடுக்கிறது. சரிசெய்ய நியாயமான அளவு வாய்ப்புக் கொடுத்தும் கம்பெனியால் முடியவில்லை. அப்படியானால் கம்பெனி அந்தக் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது வேறு கார் தர வேண்டும்.

திரும்ப வாங்குவது என்றால் முன்பணம், கட்டிய மாதத் தவணைகள், விற்பனை வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் உரிமையாளருக்கு. மீதிக் கடன் இருந்தால் அது வங்கிக்கு. இழுத்துச் சென்ற டோ வண்டிச் செலவும் வாடகைக் கார்ச் செலவும் தனி. கழிப்பது ஒரே ஒரு தொகை: குறை சொல்லி முதல்முறை டீலரிடம் காரை விட்ட நாள்வரை ஓடிய மைல்களுக்கான பயன்பாட்டுத் தொகை. காரின் விலையை அந்த மைல்களால் பெருக்கி 1,20,000ஆல் வகுக்க வேண்டும். 30,000 டாலர் கார், முதல் புகாரின்போது 8,000 மைல் என்றால் கழிவு 2,000 டாலர். இன்று மீட்டர் 60,000 காட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. கம்பெனி வேண்டுமென்றே கடமையைச் செய்யவில்லை என்று நிரூபித்தால், இழப்பைப் போல இரண்டு மடங்குவரை அபராதமும் விதிக்கலாம். வென்றால் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனியே கட்ட வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தக் கடைசிப் பிரிவு இல்லாவிட்டால் சம்பளக்காரர் எவரும் ஒரு கார்க் கம்பெனியோடு மோத முடியாது.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். 18 மாதம் அல்லது 18,000 மைல் தாண்டிவிட்டால் லெமன் சட்டம் இல்லை என்று டீலர் கடைகளிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அந்த எண்கள் டானர் திருத்தத்தில் இருப்பது உண்மைதான். அந்தக் காலத்துக்குள் உயிருக்கு ஆபத்தான ஒரு குறைக்காக இரண்டு முறையோ, வேறு ஒரே குறைக்காக நான்கு முறையோ பழுது பார்த்திருந்தால், அல்லது கார் மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்திருந்தால், நியாயமான வாய்ப்புக் கொடுத்தாயிற்று என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அனுமானத்தின் உதவி கிடைக்காதவர் நிரூபித்து வெல்ல வேண்டும், அவ்வளவுதான். வாரண்டிக் காலத்துக்குள் வந்த குறைக்கு உரிமை அப்படியே இருக்கிறது.

தபாலில் வரும் அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் குழு வழக்கின் இயல்பு வேறு. ஒரே மாடலில் ஒரே குறை லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கும்போது, ஓரிருவர் எல்லோர் சார்பாகவும் வழக்குத் தொடுக்கிறார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் இதை ஆள்வது உரிமையியல் நடைமுறையின் 23ஆம் விதி. சமரசம் ஏற்பட்டால் நீதிபதி முதலில் தற்காலிக ஒப்புதல் தருகிறார். பிறகு எல்லோருக்கும் அறிவிப்பு போகிறது; விரும்பாதவர் குழுவிலிருந்து விலகிக்கொள்ளலாம். பிறகு விசாரணை வைத்து, நியாயமானது, போதுமானது என்று திருப்தி ஏற்பட்டால் இறுதி ஒப்புதல். இந்த அமைப்பை நான் மதிக்கிறேன். தனியாக வழக்குப் போடும் அளவுக்குச் சேதம் இல்லாத பல லட்சம் பேருக்கு இது இல்லாவிட்டால் எதுவுமே கிடைக்காது. ஆனால் சமரசத் தொகை சராசரி உரிமையாளரை மனத்தில் வைத்துப் பேசி முடிக்கப்படுவது. ஒருமுறைகூட டீலரிடம் போகாதவரும், வேலை நாளில் ஒன்பது முறை விடுப்பு எடுத்துப் போனவரும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள். எனக்கு வரும் கார்ச் சமரசங்களில் அடிக்கடி பார்ப்பது, அந்தக் குறிப்பிட்ட பாகத்துக்கு மட்டும் 24 மாதம் அல்லது 24,000 மைல் வாரண்டி நீட்டிப்பு, கையிலிருந்து செலவழித்த பழுதுக்குப் பணம், சில நூறு டாலர் அல்லது புதுக் கார் வாங்க ஒரு தள்ளுபடிச் சீட்டு.

எப்போதும் அப்படியா என்றால் இல்லை. 2016இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி வழக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரேயர் ஒப்புதல் தந்த சமரசம் 1,470 கோடி டாலர் அளவிலானது. ஏறத்தாழ 4,75,000 கார்கள். மோசடி வெளிவருவதற்கு முன்பிருந்த மதிப்புக்குக் காரைத் திரும்பக் கொடுக்கலாம். அதற்கு மேல் 5,100 டாலரிலிருந்து ஏறத்தாழ 10,000 டாலர்வரை ரொக்கம். அந்தச் சமரசத்தைப் பற்றிக் கேட்கிறவருக்கு, ஏற்றுக்கொள்வதே நல்லது என்றுதான் பெரும்பாலும் பதில் சொல்ல முடியும். குழுச் சமரசம் என்றாலே சில்லறை என்று பேசுவது அறியாமை. அந்தந்த ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பாடமாகப் படிக்க வேண்டிய வழக்கு ஃபோர்டு கம்பெனியின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பற்றியது. 2011 முதல் 2016 வரையிலான ஃபியெஸ்டா, 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸ் கார்களில் டிபிஎஸ்6 என்ற ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி இருந்தது. கிளட்ச் எண்ணெயில் நனையாத வகை. எரிபொருள் மிச்சமாகும் என்பதற்காகத் தேர்ந்தது. நெரிசலில் மெதுவாக ஊரும்போது கார் நடுங்கியது, தயங்கியது, சிலவற்றில் இழுவிசையே போனது. 2014இல் கம்பெனி சில பாகங்களுக்கு வாரண்டியை நீட்டியது: கிளட்ச் சார்ந்தவற்றுக்கு 7 வருடம் அல்லது 1,00,000 மைல், கட்டுப்பாட்டு மின்பெட்டிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல். அதற்குள், 2012இலேயே, கலிபோர்னியாவின் மத்திய மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வார்கஸ் வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தது. சமரசத்துக்கு 2017இல் ஒப்புதல். அது போதாது என்று உறுப்பினர்கள் சிலர் ஆட்சேபித்து மேல்முறையீடு செய்தார்கள். பப்ளிக் சிட்டிசன் என்ற பொதுநல அமைப்பு அவர்களுக்காக நின்றது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. குறைந்தது 3 கோடி டாலர் உறுதி என்று ஒப்பந்தம் திருத்தப்பட்டு 2020இல் மீண்டும் ஒப்புதல் பெற்றது. முதல் நாளிலிருந்து ஏறத்தாழ எட்டு வருடம். ஏறத்தாழ 20 லட்சம் இந்நாள், முன்னாள் உரிமையாளர்கள்.

அந்த ஒப்பந்தத்தில் பாகம் மாற்றுவதற்காக மூன்றாம் முறை போனவருக்கு 200 டாலர். போகப் போகத் தொகை கூடி மொத்தம் 2,325 டாலர்வரை. காரையே திரும்பக் கொடுக்க விரும்பினால் நடுவர் முன் போகும் வழியும் அதில் இருந்தது. விலகி வெளியே வந்தவர்கள் தனி வழக்குகளைத் தொடர்ந்தார்கள். அவை மிகுந்துபோய், 2018இல் கூட்டாட்சி அளவில் ஒரே நீதிபதியின் கீழ் சேர்க்கப்பட்டன. நான் இந்த வழக்கை அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம், மூன்று வழிகளும் இதில் தெளிவாகத் தெரிகின்றன: உள்ளேயே இருந்து வாங்கிக்கொள்வது, உள்ளே இருந்துகொண்டே ஆட்சேபிப்பது, விலகிப் போவது. ஆட்சேபிப்பதும் விலகுவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆட்சேபணைக் கடிதம் எழுதியவர் குழுவுக்குள்தான் இருக்கிறார். நீதிபதி ஆட்சேபணையைத் தள்ளிவிட்டால் சமரசம் அவரையும் கட்டும்.

இனி என் மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன். ஃபிரீமாண்டிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். இருவரும் மென்பொருள் வேலை. 36,000 டாலருக்குப் புதிதாக வாங்கிய எஸ்யூவி; கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். ஃப்ரீவேயில் ஏறும் இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு விநாடி ஒன்றும் நடக்காது, பிறகு கார் குதித்துக்கொண்டு பாயும். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். அந்த மாடலின் கியர்பாக்ஸ் பற்றி ஒரு குழு வழக்கு சமரசமாகி அட்டை வந்திருந்தது.

"சில நூறு டாலர் வருமாம் மேடம், வாரண்டியும் ரெண்டு வருஷம் கூட்டித் தராங்களாம். ஃபாரத்தை நிரப்பி அனுப்பிடட்டுமா?" என்றார் கணவர்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பை மேஜைமேல் வைத்தார். அதில் டீலர் கொடுத்த ரிப்பேர் ஆர்டர்கள் அத்தனையும் தேதி வாரியாக இருந்தன. அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கோப்பைத்தான் நான் முதலில் படித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். சமரசம் எவ்வளவு தருகிறது என்பது பிறகு. விலகினால் கையில் என்ன இருக்கிறது என்பதை ரிப்பேர் ஆர்டர்தான் சொல்லும்.

ரிப்பேர் ஆர்டரைப் படிப்பது ஒரு தனிப் பயிற்சி. ஒவ்வொரு புகாரும் ஏ, பி, சி என்று தனி வரியாக இருக்கும். முதலில் 'வாடிக்கையாளர் சொல்வது', அடுத்து காரணம், அடுத்து செய்த வேலை. கார் உள்ளே வந்த தேதியும் மைலும், வெளியே போன தேதியும் மைலும் மேலே இருக்கும். நாள் கணக்கு அங்கேதான் கிடைக்கிறது. 'குறையைக் காண இயலவில்லை' என்றும் 'இந்த மாடலின் இயல்பு' என்றும் எழுதி அனுப்பியிருப்பார்கள். வாடிக்கையாளர்கள் அந்தத் தாளைப் பயனற்றது என்று கிழித்துவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது மதிப்புள்ள தாள். காரை ஒப்படைத்துக் குறையைச் சொன்னீர்கள், அவர்கள் சரிசெய்யாமல் திருப்பித் தந்தார்கள் என்பதற்கு அவர்கள் கையாலேயே எழுதிய சாட்சி. அதே குறைக்குக் கம்பெனி டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கையின் எண் வேலை வரியில் இருந்தால் இன்னும் நல்லது. குறை கம்பெனிக்கு முன்பே தெரியும் என்று காட்ட உதவும்.

அந்தத் தம்பதி ஐந்து முறை கியர்பாக்ஸுக்காகப் போயிருந்தார்கள். முதல் முறை 14,000 மைலில் என்று சொன்னார்கள். கோப்பில் அதற்கு முந்தைய தாள் ஒன்று ஆயில் மாற்றியதற்கானது. 6,000 மைல். ஏ வரி ஆயில், பி வரி டயர் சுழற்சி. சி வரியில் சர்வீஸ் அட்வைசர் ஒரே வாக்கியம் எழுதியிருந்தார்: ஃப்ரீவேயில் ஏறும்போது தயங்குகிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார். பார்த்தோம், இயல்பு. அந்த ஒரு வரியால் முதல் புகார் 14,000 மைலிலிருந்து 6,000 மைலுக்கு இறங்கியது. கழிவு 4,200 டாலராக இருந்திருக்க வேண்டியது 1,800 ஆனது. அதோடு, குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்பதும் உறுதியானது. மனைவிக்கு அந்தச் சர்வீஸில் வாய்விட்டுச் சொன்னது ஞாபகமே இல்லை. அவர் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், அது போதுமாக இருந்தது.

தாள் இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். வாரண்டியில் இலவசமாகச் செய்த வேலைக்கும் எழுத்தில் இன்வாய்ஸ் தர வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். டீலரிடம் கேட்டுப் பழைய தாள்களை வாங்கலாம். ஆனால் 'சாவியைக் கொடுங்கள், சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன்' என்று அட்வைசர் தாளே போடாமல் அனுப்பிய நாள்கள் எந்தக் கணினியிலும் இருக்காது. குறை சொல்லிப் போனால், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஒரு தாளோடுதான் திரும்ப வேண்டும்.

கணவரின் தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. கிளம்பும் நேரத்தில்தான் அது வெளியே வந்தது. "எச்-1பியில இருக்கோம் மேடம். கோர்ட்டு கேஸுன்னு பேர் வந்தா கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா?" இந்தக் கேள்வியைத் தமிழர்களிடமிருந்தும் தெலுங்கர்களிடமிருந்தும் பஞ்சாபிகளிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். சொந்த ஊரில் கோர்ட்டுப் படி ஏறுவதே ஒரு இழுக்கு என்று வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்பானது. வாங்கிய பொருளுக்கு வாரண்டியின்படி நியாயம் கேட்பது உரிமையியல் வழக்கு. அதில் குற்றச்சாட்டு இல்லை. நீங்கள் வாதி. விசா நிலை அந்தச் சட்டத்தில் ஒரு கேள்வியே அல்ல. குழுச் சமரசத்தில் பேசாமல் இருந்துவிடுவதைப் பலர் தேர்வது பணத்தைக் கணக்குப் பார்த்து அல்ல, இந்தப் பயத்தால்தான் என்பது என்னை வருத்துகிறது. கம்பெனிகளுக்கு இதைவிட மலிவான லாபம் கிடையாது.

அவர்கள் விலகினார்கள். தனிக் கோரிக்கை, விசாரணைவரை போகாமல், காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் முடிந்தது.

விலகல் கடிதம் சிறியதுதான். பெயர், முகவரி, காரின் 17 எழுத்து அடையாள எண், வழக்கின் பெயர், 'இந்தக் குழுவிலிருந்து என்னை நீக்குங்கள்' என்ற தெளிவான வாக்கியம், கையெழுத்து. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தமும் தன் நிபந்தனையைத் தானே எழுதிக்கொள்கிறது. சிலவற்றில் பேனாவால் போட்ட கையெழுத்துதான் செல்லும். வக்கீல் உங்களுக்காகப் போட்டால் செல்லாது என்றும் சிலவற்றில் இருக்கும். காரின் உரிமைப் பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டு அனுப்பினால் பிறகு தகராறு. தபால் முத்திரைத் தேதி முக்கியம் என்பதால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருக்கச் சொல்வேன். ஏற்கெனவே தனி வழக்குப் போட்டிருப்பவரும், ஒப்பந்தம் அவரை வெளிப்படையாக நீக்காவிட்டால், இந்தக் கடிதத்தை அனுப்பியாக வேண்டும். வழக்கு நடக்கிறதே, அது போதாதா என்று இருந்துவிட்டால் கம்பெனி வக்கீல் ஒருநாள் சமரசத் தீர்ப்பை நீட்டி வழக்கைத் தள்ளச் சொல்வார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதி. அட்டையில் மூன்று தேதிகள் இருக்கும்: விலகக் கடைசி நாள், ஆட்சேபிக்கக் கடைசி நாள், பணம் கோரக் கடைசி நாள். பணம் கோரும் தேதி பெரும்பாலும் மாதக்கணக்கில் பின்னால் இருக்கும். மனிதர்களின் கண் அதில்தான் போய் நிற்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது என்று மேஜை இழுப்பறையில் வைக்கிறார்கள். விலகும் தேதி அதற்குள் போய்விடும். அது போன பிறகு தடித்த கோப்போடு, எட்டு ரிப்பேர் ஆர்டரோடு, அழுத்தமான வழக்கோடு வந்தவர்களை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது. பணமும் கோராதவர்கள் நிலை இன்னும் கொடுமை. ஒரு காசு வாங்கவில்லை. ஆனால் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களாகிவிட்டார்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்பதுதான் 23ஆம் விதியின்கீழ் வரும் இந்த வகைக் குழுவின் அடிப்படை. விலகலும் வேண்டும், பணமும் வரட்டும் என்று இரண்டு தாளையும் அனுப்புவதும் கூடாது. அனுப்பினால் விலகலே செல்லாமல் போகலாம்.

தேதி போய்விட்டது என்றாலும் ஒரு கதவைத் தட்டிப் பார்ப்பேன். சமரசத்தில் விட்டுக்கொடுப்பது எந்தக் குறைக்கான உரிமை என்று அந்தப் பத்தியைப் படிப்பேன். கியர்பாக்ஸ் சமரசம் பொதுவாகக் கியர்பாக்ஸோடு நிற்கும். அதே காரில் பிரேக்கோ, திரும்பத் திரும்ப அணைந்துபோகும் எஞ்சினோ தனிக் குறையாக இருந்தால் அதற்கான லெமன் கோரிக்கை உயிரோடு இருக்கலாம். உடல் காயத்துக்கான உரிமையைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தொடுவதில்லை.

யாருக்குச் சமரசமே சரி என்பதையும் சொல்ல வேண்டும். என் தொழிலில் சிலர் வருகிற எல்லோரையும் விலகச் சொல்கிறார்கள். அது தவறு, விலகியவர் சமரசத்தின் பலன்களை இழக்கிறார், தனிக் கோரிக்கை தோற்றால் கையில் ஒன்றுமில்லை. ஹேவர்டிலிருந்து வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் வந்தார். இரண்டாம் கையாக வாங்கிய கார், கம்பெனி வாரண்டியில் மிச்சம் இருந்தபோது வாங்கியது. எஞ்சின் போய், டீலர் அல்லாத பட்டறையில் 4,000 டாலருக்கு மேல் கொடுத்து மாற்றியிருந்தார். 2024 அக்டோபர் 31 அன்று, ரோட்ரிகஸ் வழக்கில், வாரண்டி மிச்சமிருக்கிறது என்பதால் மட்டும் பழைய கார் புதிய காராகிவிடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்ப வாங்கக் கேட்கும் வழி அவரைப் போன்றவர்களுக்கு அதோடு ஏறக்குறைய அடைபட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் கைக் கார் வாங்குபவர்கள்தான் இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவர்கள். ஆனால் சட்டம் இன்று அதுதான். அவருடைய மாடலுக்கு இருந்த குழுச் சமரசம் இரண்டாம் உரிமையாளரையும் சேர்த்துக்கொண்டது, வெளிப் பட்டறைச் செலவையும் ஏற்றது. ரசீதுகளை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். பணம் வந்தது.

கலிபோர்னியாவுக்கு வெளியே வாங்கிய காருக்கும் சாங்-பெவர்லி பொதுவாக உதவாது. டெக்சஸிலிருந்து காரோடு குடிவந்தவர்கள் இதைக் கேட்டு ஏமாற்றம் அடைகிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். டெக்சஸில் மோட்டார் வாகனத் துறையிடமே 35 டாலர் கட்டி மனுக் கொடுக்கும் முறை இருக்கிறது. 1975இன் கூட்டாட்சி வாரண்டிச் சட்டம் எங்கும் உண்டு, அதன் பலன் இவ்வளவு வலுவானதல்ல. வந்தவர் டீலரிடம் ஓரிரு முறைதான் போயிருக்கிறார், குறை தொல்லைதான், ஆபத்து இல்லை என்றாலும் நீட்டித்த வாரண்டியை வாங்கிக்கொண்டு காரை ஓட்டச் சொல்வேன்.

கால வரம்பு இப்போது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. 2024இல் கையெழுத்தான ஏபி 1755 சட்டம், 2025இல் வந்த எஸ்பி 26 திருத்தம் இரண்டும் சேர்ந்து, கம்பெனிகள் விரும்பினால் புதிய நடைமுறைக்குள் வரலாம் என்றன. வந்த கம்பெனியின் கார் என்றால், உரிய வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எப்படியும் கார் முதலில் கைக்கு வந்து ஆறு வருடத்தைத் தாண்டக் கூடாது. அபராதம் கேட்பதற்கு முன் எழுத்தில் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். வராத கம்பெனிக்குப் பழைய விதிகள். ஆகவே இப்போது முதல் கேள்வியே கார் எந்தக் கம்பெனியுடையது என்பதாகிவிட்டது. குழு வழக்கு நிலுவையில் இருக்கும்போது உறுப்பினர்களின் கெடு ஓடாது என்று 1974இல் அமெரிக்கன் பைப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி யாரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் குழு வழக்கின் கோரிக்கையும் உங்கள் லெமன் கோரிக்கையும் ஒன்றா என்பதிலேயே வாதம் கிளம்பும். ஆறு வருட எல்லை அதற்கெல்லாம் நிற்குமா என்பது இன்னொரு வாதம்.

என்னிடம் அதிகாரம் இருந்தால் அந்த அட்டையின் முகப்பில் 'பணம் கிடைக்கலாம்' என்பதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் வழக்குத் தொடுக்கும் உரிமை இந்தத் தேதியில் முடிகிறது' என்று போடச் சொல்வேன். விதி கேட்பது தெளிவான, எளிய மொழியில் அறிவிப்பு. இன்று அது சட்டம் படித்தவருக்குத் தெளிவாக இருக்கிறது. ஒப்புதல் தரும் நீதிபதிகள் இதை வற்புறுத்த முடியும். சிலர் வற்புறுத்தியும் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமரச அறிவிப்புகள் பெரும்பாலும் வாகனப் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகின்றன. நம்மவர்கள் சன்னிவேலிலிருந்து டப்ளினுக்கும், டப்ளினிலிருந்து டிரேசிக்கும் வீடு மாறுகிறோம். வங்கிக்கும் ஆபீசுக்கும் சொல்கிறோம், மோட்டார் வாகனத் துறைக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். வீடு மாறி 10 நாளுக்குள் அந்தத் துறைக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. கார் பழுதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.